வெள்ளைக் கொரோலா, அறை ஏழு

ஹே என்று ஓர் ஊர்.
யாரையோ கூப்பிட்டுவிட்டுப்
பெயர் மறந்து நின்றதுபோல.
சிட்னியிலிருந்து எட்டு மணி நேரம்,
கடைசி ஒரு மணி நேரத்தில்
ஸ்டியரிங்குக்கு வேலையே இல்லை.
ஆஸ்பத்திரி எக்ஸ்ரே இயந்திரங்களைச் சரிபார்ப்பவள் நான்.
மாதத்தில் பன்னிரண்டு இரவு
என்னுடையதல்லாத தலையணை.

மோட்டல் என்றால் முன்பெல்லாம் எனக்கு
விக்கிரவாண்டி பக்கம் நள்ளிரவில் பஸ் நிற்கும் இடம்.
வண்டி பத்து நிமிஷம் நிக்கும் என்ற குரல்,
அலறும் ஸ்பீக்கர்,
இரட்டை விலைக்கு ஆறின தோசை.
ஹோட்டல் என்றால் இட்லி.
படுக்க லாட்ஜ்.
இங்கே வந்து மூன்றையும் கலைத்து அடுக்கவேண்டியிருந்தது.
அப்படியும் ஹேயில் முதல் தடவை
ஹோட்டல் என்ற பலகையை நம்பிப் பசியோடு நுழைந்தேன்.
பீர் வாசம், குதிரைப் பந்தயம் ஓடும் டிவி,
திரும்பிப் பார்த்த ஏழெட்டுத் தொப்பிகள்.
அடுப்பை எட்டு மணிக்கே அணைத்துவிட்டார்களாம்.

சிட்னி ஹோட்டலில்
காரை யாரோ ஓட்டிப்போய்விடுகிறான்
தரைக்கடியில் நான்காம் தளத்துக்கு.
நான் பத்தொன்பதாம் மாடிக்கு.
அட்டையைக் காட்டினால்தான் லிஃப்ட் நகரும்.
சன்னல் திறக்காது.
கதவைத் தள்ளியதும் டிவி தானே விழித்து
நல்வரவு, திரு. வைத்தியலிங்கம் என்கிறது.
அது என் அப்பா.
பாஸ்போர்ட்டில் எனக்குப் பின்னால் நிற்பவர்.
உயிரோடிருந்தவரை ஹோட்டலில் தங்காதவர்;
வெளியூர்க் கல்யாணமென்றால்
மண்டபத்து பெஞ்சிலேயே துண்டை விரித்துக்கொள்வார்.
உடனே அணைக்க மனம் வருவதில்லை.
கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விடுகிறேன்.
அந்தச் சின்ன ஃப்ரிட்ஜைத் தொட்டுவிடாதீர்கள் அப்பா,
முந்திரி பன்னிரண்டு டாலர்.

ஹே மோட்டலுக்கு ஃபோன் செய்தபோது
வைத்தியலிங்கத்தை எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன்.
நான்காவது எழுத்தில் நோலீன் நிறுத்தினாள்.
இருக்கட்டும், என்ன வண்டி?
முட்டை எப்படி வேணும்?

போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் இருட்டு.
கண்ணாடியில் ஒட்டிய உறையில்
வெள்ளைக் கொரோலா, ஏழு, சாவி கதவில்.
அவ்வளவுதான்.
பணம், கையெழுத்து எல்லாம் காலையில்.
வண்டியின் மூக்கு சன்னலைத் தொடுகிறது.
கட்டிலிலிருந்து எஞ்சினுக்கு ஆறு எட்டு;
அது டிக் டிக்கென்று ஆறுவதைக் கேட்டபடி படுத்தேன்.
பக்கத்து அறை லாரிக்காரரின் குறட்டை
சுவரைக் கேட்காமலேயே வந்தது.
போர்வை முழுக்க யாரோ விட்ட சிகரெட்டின் நினைவு.
குழாயில் வெந்நீர் வர
ஒரு குளியலுக்கான நேரம் ஆகிறது.
சொகுசு என்று பொய் சொல்லமாட்டேன்.

சுவரில் ஒரு சின்னப் பெட்டி, இருபக்கமும் கதவு.
காலை ஏழு மணிக்கு வெளிக்கதவு திறந்து
முட்டைத் தட்டை வைத்துவிட்டுப் போவார்கள்.
முகம் பார்க்கவேண்டியதில்லை.
நாம் உள்கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

சிட்னியில் ஒரு மார்ச் மாதம்
காய்ச்சலில் இரண்டு நாள் கிடந்தேன்.
தொந்தரவு செய்யாதீர் அட்டையை மாட்டியிருந்தேன்.
யாரும் செய்யவில்லை.
இத்தனை சொல்பேச்சுக் கேட்டவர்களை
என் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை.
மூன்றாம் நாள் கதவடியில் பில் மட்டும்
சத்தமில்லாமல் நுழைந்தது.

ஹேயிலும் அன்று காலை உடம்பு கனத்தது.
அலாரத்தை அணைத்துவிட்டுக் கிடந்தேன்.
ஒன்பது மணிக்குச் சன்னல் அதிர்ந்தது.
வண்டி நிக்குது, முட்டை அப்படியே இருக்கு,
உயிரோட இருக்கியா?

இருக்கிறேன் என்றேன்.

நல்லது. தட்டைக் கொடு,
எட்டாம் நம்பருக்கு வேணும்.

ஊர் திரும்பி ரசீதைக் கொடுத்தேன்.
மிஸஸ் கொரோலா, ஓர் இரவு,
முட்டைக்குக் கழித்தது ஏழு டாலர்.
பெயர் பொருந்தவில்லை, விளக்கம் தேவையென்று
கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு மின்னஞ்சல்.
இன்னும் பதில் போடவில்லை.